பொட்டலத்தைத் துடைத்தேன், ஜன்னலைத் திறக்கவில்லை: தொற்று ஆபத்தை நாம் எப்படி எடைபோட்டோம்?

#1 தாழ்வாரம்

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்த 2020 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம், வெளியிலிருந்து வந்த எந்தப் பொருளும் எங்கள் வீட்டுக்குள் நேராக வந்ததில்லை. வாசலில் ஒரு மேசை போட்டிருந்தேன். பொட்டலங்கள் அதில் ஒரு நாள் முழுக்கக் கிடக்கும். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைப்பேன். லிஃப்டில் யாராவது இருமினால் படியில் இறங்கிவிடுவேன். அப்பாவுக்கு அப்போது 74 வயது, சர்க்கரை நோயும் உண்டு. இத்தனையும் அவருக்காகத்தான்.

2021இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை குடும்பம் வந்தது. எல்லோருமாகப் பதினோரு பேர். வெளியே மழை, ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். நாலு மணி நேரம் ஒரே அறையில் பேச்சும் சிரிப்புமாக இருந்தோம். முகக்கவசத்தை யாரும் நினைக்கக்கூட இல்லை, நம்ம ஆளுங்கதானே. அத்தை மகன் மட்டும் "தொண்டை லேசா கரகரங்குது, ஏசியில படுத்ததால இருக்கும்" என்றான். கேட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தோம்.

பதினோரு பேரில் ஏழு பேருக்கு வந்தது. அப்பா 19 நாள் ஆக்சிஜனில் இருந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் இன்றும் மாடி ஏறினால் பாதியில் நின்றுதான் ஏறுகிறார்.

யார் மேலும் பழிபோட இதை எழுதவில்லை. அட்டைப் பெட்டியில் இருந்த ஆபத்து எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. அந்த அறையில் இருந்தது கண்ணுக்கே படவில்லை. அன்றைக்கு என் மனம் என்ன கணக்குப் போட்டது? அதுதான் எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு நடந்ததையும், தெரிந்ததையும் சொல்லுங்கள்.

#2 மழைத்துளி

எங்க வீட்லயும் இதே கதைதான் அண்ணா. வெளியாள் வந்தா வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிடுவோம். அக்கா வந்தா கட்டிப் பிடிச்சுக்குவோம். அக்கா தினமும் ஆபீஸ் போய் நாப்பது பேரோட உக்காந்துட்டு வர்றவ. வாசல்ல நின்னவர் வீட்டை விட்டு நகராத பெரியவர். யார்கிட்ட இருந்து வர வாய்ப்பு அதிகம்னு நாங்க யோசிக்கவே இல்ல. யாரைத் தெரியும், யாரைத் தெரியாதுன்னு மட்டும்தான் பார்த்தோம்.

அப்பா இப்ப எப்படி இருக்காங்க? கேட்கவே கஷ்டமா இருக்கு.

#3 இரவுப்பணி

தாழ்வாரம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் செவிலியர். தொற்று வார்டில் இரண்டு வருடம் இருந்தேன்.

சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது "எங்கே வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். முதல் பதில் எப்போதும் ஒரு அந்நியர்தான்: பஸ்ஸில் இருமியவர், வரிசையில் ஒட்டி நின்றவர், பெட்டி கொண்டுவந்தவர். அப்புறம் நாள் நாளாகப் பின்னால் போய் விசாரித்தால் வேறு ஏதாவது வரும். தம்பி வீட்டில் தங்கினோம், ஆபீஸில் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம் என்று. அதைச் சொல்லும்போதுகூடப் பலர் "ஆனா அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்று சேர்த்துச் சொல்வார்கள்.

எங்களையும் சொல்ல வேண்டும். வார்டுக்குள் தலை முதல் கால் வரை மூடியிருப்போம். இடைவேளைக்கு ஓய்வறை போனதும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில் ஆறு பேர் முகத்தோடு முகம் பார்த்து உட்காருவோம். எங்களில் பலருக்கு வந்தது நோயாளிகளிடமிருந்து இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். நோயாளியைப் பார்த்தால் உடம்பு தானாக எச்சரிக்கையாகும். கூட வேலை செய்கிறவளைப் பார்த்தால் அது தளர்ந்துவிடும்.

இன்னொன்று, இருமலையும் காய்ச்சலையும் வைத்து ஆளை எடைபோடும் பழக்கம். 2003இல் வந்த சார்ஸில் அது ஓரளவு பலித்தது. அந்த நோய் பெரும்பாலும் அறிகுறி முற்றிய பிறகுதான் பரவியது, அதனால் காய்ச்சல் வந்தவரைத் தனியாக வைத்தால் சங்கிலி அறுந்தது. கொரோனாவில் அறிகுறி தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவல் தொடங்கிவிட்டது. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தி வைத்த டைமண்ட் பிரின்சஸ் கப்பல் நினைவிருக்கும். 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. பரிசோதனை செய்த நேரத்தில் அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. உலகம் முழுக்க நெற்றியில் வெப்பமானி காட்டி உள்ளே விட்டோமே, அந்தப் பாதிப் பேர் எல்லா வாசலையும் தாண்டிப் போயிருப்பார்கள்.

#4 ஜன்னலோரம்

கட்டடக் காற்றோட்டம் என் தொழில். அதனால் அறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்கேஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். வாசலில் கை சுத்திகரிப்பான் வைத்திருந்தார்கள், கைகுலுக்கலும் கட்டிப்பிடித்தலும் வேண்டாம் என்று தவிர்த்தார்கள். அன்றைக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை ஒழுங்காகப் பின்பற்றிய மனிதர்கள். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். கையைக் காத்தார்கள். மூடிய அறையில் ஒருவர் விட்ட மூச்சைத்தான் எல்லோரும் இழுத்தார்கள். பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிவரும் நுண்துகள்கள் சும்மா மூச்சு விடுவதைவிடப் பல மடங்கு.

என் வீட்டில் சொல்லிக்கொடுத்தது ஒரே வழிதான். அறையில் யாரோ ஒருவர் சிகரெட் பிடிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எங்கே நின்றால் வாடை வரும்? திறந்தவெளியில் நாலு அடி தள்ளி நின்றால் லேசாக வந்து போகும். மூடிய அறையில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அவர் எழுந்து போன பிறகும் நிற்கும். கண்ணாடித் தடுப்பு வைத்தாலும் வளைந்து வரும். குழந்தைக்குக்கூட இது புரிந்தது. தாழ்வாரம், உங்கள் ஞாயிற்றுக்கிழமையை இப்படி நினைத்துப் பாருங்கள்.

#5 கடைசிபெஞ்சு

எல்லோரும் மனசு தப்பாகக் கணக்குப் போட்டது என்றே பேசுகிறீர்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

தாழ்வாரம் பொட்டலத்தைத் துடைத்தது அவர் கற்பனையா? எல்லா அரசும், எல்லா டிவியும் கையைக் கழுவு, கழுவு என்றுதானே சொன்னது? பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம், அட்டையில் 24 மணி நேரம் கிருமி இருக்கும் என்று 2020 மார்ச்சில் ஒரு ஆய்வு வந்தது, ஒவ்வொரு செய்தியிலும் அந்த எண்தான். அதே ஆய்வில் காற்று நுண்துகளில் 3 மணி நேரம் தாக்குப்பிடித்தது என்றும் இருந்தது. அது யார் காதிலும் விழவில்லை. "இது காற்றில் பரவுவதில்லை" என்று உலக சுகாதார நிறுவனமே அதே மார்ச் கடைசியில் பெரிய எழுத்தில் போட்டது. அந்த ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கூட்டாகக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தின் இணையப் பக்கம் தெளிவாக மாறியது 2021 ஏப்ரல் இறுதியில். பொருள்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக ஒரு தொடலுக்கு 10,000இல் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னதும் அதே ஏப்ரல்தான்.

சாதாரண மனிதன் தனக்குத் தந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுவான். எண் தப்பாக வந்தால் விடையும் தப்பாகத்தான் வரும். அதை "பயம்", "அறியாமை" என்று நம் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை.

#6 பின்னம்

கடைசிபெஞ்சு சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒரு விஷயம் சேர்க்கிறேன். "72 மணி நேரம் கிருமி இருக்கும்" என்பது எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு விடை. "தொட்டால் எனக்கு வருமா" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆய்வகம் ஒரு பளிச்சென்ற எண் தந்தது, இரண்டாவதற்கு அப்போது யாரிடமும் எண் இல்லை. இருந்த எண்ணை எடுத்து இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டோம். என் மாணவர்களும் தேர்வில் இதைத்தான் செய்வார்கள். (கணக்கு வாத்தியார், மன்னிக்கவும்.)

கூட்டத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. சுற்றியிருப்பவர்களில் 100இல் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைச் சந்தித்தால் அவருக்கு இருக்க வாய்ப்பு 1 சதவீதம். பதினோரு பேர் கூடினால், மற்ற பத்துப் பேரில் குறைந்தது ஒருவருக்காவது இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். 50 பேரில் 39 சதவீதம். 100 பேரில் 63 சதவீதம். இது அவர் அறைக்குள் இருப்பதற்கான வாய்ப்பு மட்டுமே. உங்களுக்கு வருமா என்பது ஜன்னல், நேரம், முகக்கவசம் எல்லாவற்றையும் பொறுத்தது.

மனம் இதை இப்படிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து "இவருக்கு இருக்காது", "இவளுக்கு இருக்காது" என்று போகிறது. தனித்தனியாக ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட சரிதான். பத்தையும் சேர்க்கும்போதுதான் பத்தில் ஒன்று ஆகிறது, அந்தச் சேர்க்கையை மனம் செய்வதில்லை.

நாள் கணக்கிலும் இதே கதை. வாரம் ஒருமுறை அரை சதவீத ஆபத்துள்ள ஒரு இடத்துக்குப் போகிறீர்கள். நாலு வாரம் ஒன்றும் ஆகாது. "பார்த்தியா, ஒண்ணும் ஆகல" என்று தைரியம் வரும். 52 வாரம் போனால் ஒருமுறையாவது தொற்ற வாய்ப்பு 23 சதவீதம். தப்பித்த ஒவ்வொரு வாரமும் அந்த இடம் பாதுகாப்பானது என்பதற்குச் சாட்சி மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது மிகமிகச் சின்னச் சாட்சி.

#7 தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. மழைத்துளி, அப்பா பரவாயில்லை, சாயங்காலம் நடக்கிறார்.

கடைசிபெஞ்சு, நீங்கள் எழுதியதைப் படித்தபோது நெஞ்சில் ஏதோ இறங்கினது போல இருந்தது. ஆனால் என்னால் முழுக்க அதற்குப் பின்னால் நின்றுகொள்ள முடியவில்லை. நாங்கள் கூடிய சமயத்தில் காற்றில் பரவும் என்று நானே படித்திருந்தேன். தெரிந்திருந்தது. அத்தையைப் பார்த்ததும் தெரிந்தது பின்னால் போய்விட்டது. ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருந்தால் "எங்களைச் சந்தேகப்படுறியா" என்று ஆகிவிடுமோ என்ற எண்ணம் எங்கோ இருந்திருக்க வேண்டும். அந்நியரிடம் கறாராக இருக்க எனக்குக் கூச்சமில்லை, அத்தையிடம் இருந்தது.

முதல் பதிவில் விட்டுப்போன ஒன்று. அத்தை மகன் அந்தச் சனிக்கிழமை ஒரு விரைவுச் சோதனை செய்திருக்கிறான், வீட்டிலேயே செய்துகொள்வது. இல்லை என்று வந்திருக்கிறது. அவன் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு அந்த வாரம் தொற்று உறுதியானதால்தான் செய்துபார்த்தான். "டெஸ்ட் நெகட்டிவ்" என்று அத்தை வாசலிலேயே சொன்னார்கள். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

#8 பின்னம்

இதைத்தான் நான் வகுப்பில் எப்படியாவது புரியவைக்கப் பார்க்கிறேன். ஒரே "நெகட்டிவ்" இரண்டு பேர் கையில் இரண்டு அர்த்தம் தரும்.

எளிமைக்காக, தொற்று உள்ள 10 பேரில் 7 பேரை அந்தச் சோதனை பிடிக்கும், இல்லாதவரைத் தவறாகக் காட்டாது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், எந்தத் தொடர்பும் அறிகுறியும் இல்லாத 1,000 பேர். இவர்களில் 10 பேருக்குத் தொற்று. 7 பேர் பிடிபட்டார்கள், 3 பேர் தப்பினார்கள். நெகட்டிவ் வந்தவர்கள் 993 பேர், அவர்களில் 3 பேருக்கு உண்மையில் இருக்கிறது. ஏறத்தாழ 330இல் ஒருவர். நிம்மதியாக இருக்கலாம்.

இப்போது உங்கள் அத்தை மகன் மாதிரி 100 பேர். பக்கத்து மேசையில் தொற்று, தொண்டையில் கரகரப்பு. இவர்களில் 40 பேருக்கு இருப்பதாக வைப்போம். 28 பேர் பிடிபட்டார்கள், 12 பேர் தப்பினார்கள். நெகட்டிவ் வந்தவர்கள் 72 பேர், அதில் 12 பேருக்கு இருக்கிறது. ஆறில் ஒருவர்.

சோதனை ஒன்றுதான், கோடும் ஒன்றுதான். ஒருவருக்கு 330இல் ஒன்று, இன்னொருவருக்கு 6இல் ஒன்று. சோதனைக்கு முன்னால் நமக்குத் தெரிந்ததை, அதாவது பக்கத்து மேசையையும் தொண்டையையும், முடிவு வந்ததும் தூக்கி எறிந்துவிடுகிறோம். அதை எறியக் கூடாது.

(40 என்பதும் 70 சதவீதம் என்பதும் நான் விளக்கத்துக்கு வைத்த எண்கள். சோதனைக்குச் சோதனை, ஆளுக்கு ஆள் மாறும்.)

#9 இரவுப்பணி

நாளும் முக்கியம். சீக்கிரமே எடுத்தால் ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர்கூடத் தவறவிடும். 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், அறிகுறி தொடங்கும் நாளில் எடுத்தால் தொற்றுள்ளவர்களில் 38 சதவீதம் பேருக்கு இல்லை என்று வந்தது. மூன்று நாள் கழித்து எடுத்தால் அது 20 சதவீதமாகக் குறைந்தது. வீட்டுச் சோதனை அதைவிட மந்தம். சனிக்கிழமை நெகட்டிவ் என்பது ஞாயிற்றுக்கிழமைக்குச் செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டு மாதிரி மக்கள் கையாண்டதை நான் தினமும் பார்த்தேன்.

#10 நிழல்மரம்

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் கணக்கு வேறு பக்கம் தவறியது.

நான் தனியாக இருக்கிறேன். அம்மா வேறு ஊரில், 81 வயது. நான் அவரிடம் கிருமியைக் கொண்டுபோய்விடக் கூடாது என்று 14 மாதம் போகவில்லை. வீடியோவில் பேசுவோம். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, பாதி நேரம் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மட்டும் இருப்பார். பதினான்காம் மாதம் தூக்கத்தில் போய்விட்டார். இதயம். தொற்று இல்லை.

எனக்குப் போவதா வேண்டாமா என்று இரண்டே வழிதான் தெரிந்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். அந்த மூன்றாவது வழி தோன்றவே இல்லை. "வீட்டில் இரு" என்பது அத்தனை அழுத்தமாகப் பதிந்திருந்தது. திறந்தவெளியில் ஆபத்து எவ்வளவு குறைவு என்று யாராவது அப்போது இதே அழுத்தத்தில் சொல்லியிருந்தால், நான் போயிருப்பேன்.

ஜன்னலோரம் எழுதிய சிகரெட் உதாரணத்தைப் படித்துவிட்டு நேற்று வெகுநேரம் தூங்கவில்லை.

#11 ஜன்னலோரம்

நிழல்மரம், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் அம்மாவைக் காக்கத்தான் போகாமல் இருந்தீர்கள்.

#12 இரவுப்பணி

நிழல்மரம் சொன்னதை எல்லோரும் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். அவரவர் பார்த்த ஆபத்து ஒன்றுதான், கிருமி. பக்கத்தில் நின்ற மற்ற ஆபத்துகள் மறைந்துவிட்டன. 2020 மார்ச், ஏப்ரலில் பல நாடுகளில் மாரடைப்புக்காக மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. மாரடைப்பு குறைந்ததாலா? வரப் பயந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்த ஒருவரை நானே சேர்த்தேன். "இங்க வந்தா அது ஒட்டிக்கும்னு இருந்துட்டேம்மா" என்றார். அவர் பிழைக்கவில்லை.

#13 பின்னம்

இது புதிதல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் நிறையப் பேர் விமானத்தை விட்டுக் காரில் போனார்கள். கார் பயணம்தான் அதிக ஆபத்தானது. அடுத்த ஒரு வருடத்தில் அதனால் மட்டும் சாலையில் ஏறத்தாழ 1,500 உயிர்கள் கூடுதலாகப் போயின என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். புதிதாக வந்த, கட்டுப்படுத்த முடியாத, கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை மனிதர்கள் கூடுதலாக எடைபோடுவார்கள், பழகியதைக் குறைத்து எடைபோடுவார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். தாழ்வாரத்தின் பொட்டலமும் அத்தையும் இதற்குள் அப்படியே பொருந்துகின்றன. கிருமி ஒன்றே, ஆனால் அந்நியப் பெட்டி வழியாக வந்தபோது புதிய ஆபத்து, அத்தை வழியாக வந்தபோது பழகிய முகம்.

#14 மழைத்துளி

ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. தடுப்பூசி வந்தப்புறம் ஆஸ்பத்திரில சேர்ந்தவங்கள்ல பாதிக்கு மேல ஊசி போட்டவங்கதான்னு ஒரு செய்தி சுத்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் எங்க மாமா பூஸ்டர் போட்டுக்கவே இல்ல. செய்தி பொய்யும் இல்லையாம். அப்ப அதுக்கு என்ன அர்த்தம்?

#15 நெறியாளர்

கேள்வி நல்ல கேள்வி. தடுப்பூசி பற்றிய பொதுவான வாக்குவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே ஆபத்தைக் கணக்கிடுவது பற்றி மட்டும் பேசுவோம்.

#16 பின்னம்

மழைத்துளி, செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 10,000 பேர் உள்ள ஒரு ஊரைக் கற்பனை செய்யுங்கள். 9,500 பேர் ஊசி போட்டவர்கள், 500 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் 100க்கு 2 பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள்: 10 பேர். ஊசி அந்த ஆபத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது, அதாவது 1,000க்கு 2 பேர்: 19 பேர். வார்டில் மொத்தம் 29 பேர், அதில் 19 பேர் ஊசி போட்டவர்கள். மூன்றில் இரண்டு பங்கு! ஊசியோ ஆபத்தில் 90 சதவீதத்தைத் தடுத்திருக்கிறது.

வார்டில் எத்தனை பேர் என்று மட்டும் பார்க்காமல், எத்தனை பேரிலிருந்து வந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 9,500இலிருந்து 19, 500இலிருந்து 10. உங்கள் மாமாவிடம் சதவீதம் சொல்லாதீர்கள், இந்த ஊரைத் தாளில் வரைந்து காட்டுங்கள். சதவீதம் என்றால் குழம்புகிறவர்கள்கூட "இத்தனை பேரில் இத்தனை பேர்" என்றால் பிடித்துக்கொள்வதை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

#17 கடைசிபெஞ்சு

பின்னம் ஐயா, நீங்கள் என் பள்ளியில் இருந்திருக்கலாம்.

எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. என் மகனுக்கு அப்போது 24. "எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா" என்பான். அவன் சொன்னது பொய்யில்லை. தடுப்பூசிக்கு முந்தைய காலத்துத் தரவுகளை வைத்துச் செய்த ஒரு கணக்கில், தொற்று வந்தால் இறக்கும் வாய்ப்பு 25 வயதில் ஏறத்தாழ 10,000இல் ஒன்று, 55இல் 1,000இல் 4, 75இல் 100இல் 4 அல்லது 5, 85இல் 100இல் 15. வயது ஏற ஏற இப்படி ஏறும் நோய். அவன் தன் பத்தாயிரத்தில் ஒன்றைப் பார்த்துக் கிளம்பினான். வீட்டில் என் அம்மா இருந்தார், 83.

அவனைச் சுயநலம் என்று திட்டினேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. "உனக்கு என்ன ஆகும்" என்று எல்லோரும் அவனிடம் கேட்டார்கள், அவன் அதற்குச் சரியான விடை சொன்னான். "உன் வழியாக யாருக்கு" என்று நான் ஒருநாள் உட்கார்ந்து அமைதியாகக் கேட்டிருந்தால் அவன் வேறு மாதிரி யோசித்திருப்பான். நல்ல பையன். பாட்டி என்றால் உயிர். பிறகு நானே அந்த எண்களை எடுத்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பாட்டி அறை ஜன்னலைத் திறந்து வைத்தான்.

#18 மழைத்துளி

தாளில் வரைஞ்சு காட்டினேன். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப அந்த 19 பேருல நான் ஒருத்தனா இருந்தா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல.

#19 பின்னம்

அது நியாயமான கேள்வி. எந்த எண்ணும் அதற்கு ஆறுதல் தராது. 19 பேரில் ஒருவராக இருக்கலாம். ஊசி இல்லாவிட்டால் அந்த 9,500 பேரிலிருந்து 190 பேர் போயிருப்பார்கள், அந்த மீதி 171 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. காப்பாற்றப்பட்டவரால் தன்னை அடையாளம் காண முடியாது. அதனால்தான் தடுப்பு எதுவாக இருந்தாலும் மக்களுக்கு அதன் மேல் நன்றி வருவது கடினம். மாமாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள், வற்புறுத்தாமல்.

#20 நிழல்மரம்

என் நண்பருக்கு வந்தது, கூட இருந்த மனைவிக்கு வரவில்லை. "எனக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்" என்று அந்த மனைவி அதற்குப் பிறகு எங்கும் முகக்கவசம் இல்லாமல் போனார், இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

#21 இரவுப்பணி

ஒரே வீட்டில் இருந்தும் வராமல் போவது சகஜம். முதல் வருடத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் வந்தது. பின்னால் வந்த ஒமிக்ரான் வகைக் கொரோனாவில் அது வெகுவாக ஏறியது. தொற்றியவர்கள் எல்லோரும் ஒரே அளவில் பரப்புவதும் இல்லை. பெரும்பாலோர் யாருக்கும் கொடுப்பதில்லை, சிலர் ஒரே கூடலில் பலருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் "அவரோட இருந்தேன், ஒண்ணும் ஆகல" என்பது ஏராளமான பேரின் உண்மையான அனுபவம். பொய்யில்லாத அனுபவம் என்பதால் அதிலிருந்து வரும் தைரியமும் உறுதியாக இருக்கிறது. அந்த அம்மா தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டதாக நினைத்தார். அவர் பெரும்பாலும் கணவரைப் பற்றியும் அந்த வார அதிர்ஷ்டத்தைப் பற்றியும்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்.

#22 ஜன்னலோரம்

ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார்: "அறை பாதுகாப்பானதா என்று கண்ணால் எப்படித் தெரியும்?" கண்ணால் தெரியாது, அதுதான் சிக்கல். பளபளவென்று துடைத்த, நறுமணம் வீசும், குளிரூட்டிய அறை மனதுக்குச் சுத்தமாகத் தெரியும். அங்கே வெளிக்காற்று ஒரு துளிகூட வராமல் இருக்கலாம். சாதாரண வீட்டு ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது.

கார்பன் டை ஆக்சைடு அளவிடும் கையடக்கக் கருவி ஒன்று இதற்கு உதவும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பங்கு. ஆக, அறையில் கருவி 800 காட்டினால், நீங்கள் இழுக்கும் காற்றில் சுமார் 100இல் ஒரு பங்கு ஏற்கெனவே யாருடைய நுரையீரலிலோ இருந்து வந்தது. 1,200 காட்டினால் 50இல் ஒரு பங்கு. நான் பழைய கூட்ட அறைகளில் 2,500 பார்த்திருக்கிறேன். எதிரெதிரே இரண்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். என் அம்மா அதைப் பார்த்த நாளிலிருந்து நான் சொல்லாமலே திறக்கிறார்.

ஒரு எச்சரிக்கை: கருவி கிருமியை அளப்பதில்லை. நல்ல வடிகட்டி ஓடும் அறையில் எண் கூடுதலாக இருந்தும் காற்று சுத்தமாக இருக்கலாம். ஒருவரோடு முகத்துக்கு முகம் பேசினால் எண் குறைவாக இருந்தும் வரலாம்.

#23 தாழ்வாரம்

இத்தனை பேர் இவ்வளவு மனம் திறந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பின்னத்தின் சோதனைக் கணக்கை அத்தை மகனுக்கு அனுப்பினேன். மூன்று வருடமாக அவன் என் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான். "நான் மறைக்கலடா, நெகட்டிவ்னா இல்லன்னுதான் நினைச்சேன்" என்றான். எனக்கு அது தெரியும், நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம்.

இந்த வாரக் கடைசியில் அவர்கள் வருவதாக இருந்தது. ஊரில் ஏதோ காய்ச்சல் சுற்றுகிறது, என்னவென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அத்தையே கூப்பிட்டார்கள். "மருமகளுக்குத் தொண்டை கரகரங்குது, அடுத்த வாரம் வரோம், அப்பாகிட்ட சொல்லிடு" என்றார்கள். அப்பா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வரும்போது வாசல் பக்கமே உட்காருவோம், நாலு நாற்காலி கூடுதலாக எடுத்துப் போடு என்று என்னிடம் சொன்னார்.